நைஜீரிய உள்நாட்டுப் போரின் அடிவேர்கள்

மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரிய நாட்டிலே 1967ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் தொடங்கி 1970ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் முடிவெய்திய உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதுவோர் பலர், அதனைக் கோத்திரப் பூசல் என்னும் ஒரு தொடரில் அடக்கிவிடுவர். ஆபிரிக்கர் கோத்திரம் கோத்திரமாக வாழ்பவர். கோத்திரங்களோ பண்டுதொட்டுப் பகை கொண்டவை. வெள்ளையர் நீங்கியதும் பழம்பகை மீண்டும் மூண்டது என்பது அன்னார் கூற்று. கேட்பதற்கு எளிதான கூற்று. வரலாற்றைத் துருவி ஆராயும் உழைப்பையும் அது நமக்கு மிச்சப்படுத்துகின்றது. ஆயின், போரிற் பொருத இரு தரப்பினருள் முதன்மை பெற்ற வடக்கு ஹௌசா மக்களும் தென்கிழக்கு இக்போ மக்களும் பிரித்தானியர் வருமுன் ஒருவரையொருவர் பெரிதும் அறியாதவர். அறியாதவரிடையே பழம்பகை யாங்ஙனம் இருத்தல் கூடும்?

இதனினும் வியப்பானது மற்றொன்று. 1950ஆம் ஆண்டுகளில் நைஜீரியா ஒரே நாடாக நிலைக்க வேண்டுமென்று உரக்கக் கூறியோர் இக்போ மக்களின் தலைவர்களே. பிரிந்துபோவோம் எனப் பயமுறுத்தியோர் முதலில் வடக்கரும் பின்னர் மேற்கருமாவர். அங்ஙனமாகவும், ஈற்றிற் பிரிந்து சென்று பியாப்ரா என்னும் தனிநாட்டைப் பிரகடனஞ் செய்தவர் ஒற்றுமையை வேண்டி நின்ற அம்மக்களே. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

நைகர் ஆறும் பெனூவே ஆறும் லொகோஜா என்னும் இடத்திற் கூடிக் கடலை நோக்கிச் செல்கின்றன. இவ்விரு நதிகளும் நாட்டை மூன்று கூறாக்கி நிற்றலைத் தேசப்படத்தில் எவருங் காணலாம். வடக்கே அகன்ற புல்வெளி நாடு. ஆங்கு ஹௌசா மக்களின் பழைய நகரங்கள் இருந்தன. 1804ஆம் ஆண்டில் உஸ்மான் டான் போடியோ என்னும் புலானி அறிஞர் தொடங்கிய புனிதப் போரின் பயனாக அந்நகரங்கள் சொகோட்டோச் சுல்தானின் கீழ் ஓர் இசுலாமியப் பேரரசாயின. ஒவ்வொரு நகரிலும் ஓர் எமிர், அவருக்கு வரி திரட்டும் அதிகாரிகள், அறபு எழுத்து, சட்டமறிந்த நீதிபதிகள். தென்மேற்கே யொரூபா மக்கள் அரசரும் பட்டினங்களும் உடையோராய் வாழ்ந்தனர். அவர்தம் அரசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தம்முட் போரிட்டுக் களைத்தன. தென்கிழக்கே இக்போ மக்களுக்குப் பேரரசும் இல்லை, பெருநகரும் இல்லை. ஊர்தோறும் மூத்தோரும் பட்டம் பெற்றோரும் கூடிப் பேசி முடிவெடுப்பர். இக்போவுக்கு அரசனில்லை என்பது அம்மக்களிடை வழங்கும் மூதுரை. ஒனிச்சா போன்ற சில ஊர்களில் அரசர் இருந்தனராயினும் பொதுவில் அவ்வுரை பொருந்துவதே. இம்மூன்று பேரினத்தாருக்கும் இடையிடையே தீவ், நூப்பே, எடோ, இஜோ, இபிபியோ, எபிக் முதலிய எண்ணிறந்த சிறுபான்மை மக்கள் வாழ்ந்தனர். நாட்டில் வழங்கும் மொழிகள் 250க்கு மேற்பட்டன. இச்சிறுபான்மையோரை மறந்துவிட்டு இப்போரை விளங்கிக்கொள்ள முடியாது.

பிரித்தானியர் 1861இல் லாகோஸ் துறைமுகத்தைக் கைப்பற்றினர். நைகர் ஆற்றங்கரைகளை ஒரு வணிகக் கம்பனி நெடுநாள் ஆண்டது. 1900ஆம் ஆண்டில் அதன் உரிமை முடியவே, அரசாங்கம் நேரே பொறுப்பேற்றது. 1903இல் சொகோட்டோ வீழ்ந்தது. நைஜீரியா என்ற பெயரே 1897ஆம் ஆண்டில் புளோரா ஷோ என்னும் ஆங்கிலப் பத்திரிகை எழுத்தாளர் முன்மொழிந்தது; அவ்வம்மையார் பின்னர் லுகாட் பிரபுவின் மனைவியானார். அந்த லுகாட்டே 1914ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் வடக்கையும் தெற்கையும் ஒன்றாக இணைத்தவர். இணைப்பின் நோக்கம் மக்களை ஒன்றாக்குவதன்று. கடலின்றி உள்நாட்டிலே கிடந்த வடக்கிற்கு வருவாய் போதவில்லை. பிரித்தானியத் திறைசேரி ஆண்டுதோறும் பணம் ஈந்து வந்தது. தெற்கிலோ துறைமுகச் சுங்கவரியால் மிச்சம் இருந்தது. தெற்கின் மிச்சத்தால் வடக்கின் குறையை நிரப்புதலும், இரு புகையிரதப் பாதைகளை ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணர்தலுமே அன்றைய தேவை. கணக்குப் புத்தகத்தில் இணைந்த நாடு நிருவாகத்தில் இணையவில்லை. வடக்கு வேறு, தெற்கு வேறாகவே இரு துணைத் தேசாதிபதிகள் ஆண்டனர்.

வடக்கில் லுகாட் கையாண்ட முறை மறைமுக ஆட்சி எனப்படும். எமிர்களை அவர்தம் ஆசனத்தில் இருத்தியே அவர் வாயிலாக ஆளுதல் மலிவானது. அதிகாரிகள் சிலரே போதும். இம்முறைக்கு ஈடாக எமிர்கள் பெற்ற வாக்குறுதி முக்கியமானது. அவர்தம் சமயத்தில் அரசாங்கம் தலையிடாது. கிறித்துவ மிசனரிமார் எமிர்களின் இசைவின்றி ஆண்டுப் புகமாட்டார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி மிசனரிமாரின் கையில் இருந்தது. எனவே மிசனரிமாரைத் தடுத்தல் ஆங்கிலக் கல்வியைத் தடுத்தலாயிற்று. அரசனில்லாத இக்போ நாட்டிலும் அதே முறையைப் புகுத்த எண்ணி, அரசாங்கப் பத்திரம் கொடுத்துச் சிலரைத் தலைவராக்கினர். மக்கள் அவரை மதித்திலர். 1929இல் வரி விதிப்பார் என்ற வதந்தி பரவவே அபாப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து அத்தலைவர்களையும் நீதிமன்றங்களையும் தாக்கினர். படையினர் சுட்டதில் 50க்கு மேற்பட்ட பெண்கள் மாண்டனர்.

இனி, கல்வி விளைத்த வேற்றுமையைக் காண்போம். தெற்கிலே, சிறப்பாக யொரூபா நாட்டிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பாடசாலைகள் எழுந்தன. இக்போ மக்கள் பிந்தித் தொடங்கினரெனினும் விரைந்து முன்னேறினர். அவர் நிலமோ நெருக்கமானது, விளைவோ குறைந்தது. கற்ற இளைஞன் ஊரில் இருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. போட் ஹார்கோட் துறையிலிருந்து எனுகு வழியாகக் கடூனாவுக்குப் புகையிரதப் பாதை அமைந்ததும் அவன் வடக்கு நோக்கிப் புறப்பட்டான். வடக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த இலிகிதர் வேண்டும். புகையிரதப் பகுதிக்கும் தபாற் கந்தோருக்கும் ஆள் வேண்டும். அவ்வூராருள் ஆங்கிலம் கற்றோர் மிகச் சிலர். ஆகவே அவ்விடங்களை இக்போ இளைஞர் நிரப்பினர். அவரைத் தொடர்ந்து வணிகரும் தையற்காரரும் வாகனம் ஓட்டுவோரும் சென்றனர்.

அவர்கள் குடியிருந்த இடமும் கவனிக்கற்பாலது. வடக்கு நகரங்களில் எமிரின் மதிலுக்குள் அந்நியர் குடியேறலாகாது. மதிலுக்குப் புறத்தே சபன் கரி எனப்படும் தனிச் சேரி அவருக்கென வகுக்கப்பட்டது. 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிலிருந்து நைஜீரியா சென்று படிப்பித்து மீண்ட ஆசிரியர் பலராதலின், அவர் வாயிலாக இப்பெயரைக் கேட்டறிந்தோர் இவ்விதழின் வாசகருள்ளும் இருப்பர். புதிய ஊர் என்பதே அதன் பொருள். அங்கு இரண்டு தலைமுறை வாழ்ந்தவனும் அந்நியனே. அவன் பிள்ளைகள் படித்த பாடசாலை வேறு, வழிபட்ட கோயில் வேறு. எமிரின் குடிகள் அவனைக் கண்டது கந்தோரின் சாளரத்துக்கு அப்பாலும் கடையின் தட்டுக்கு அப்பாலுமே. ஆங்கிலேயன் விலகிநின்று ஆண்டான். ஆங்கிலேயனின் முத்திரையைக் குத்திக் கொடுத்தவன் தெற்கன். வடக்கனின் மனக்கசப்பு யார்மேற் சென்றிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்ல வேண்டும். இக்போ என்னும் பொது இன உணர்ச்சி ஊரிலே தோன்றியதன்று, வெளியூரிலே தோன்றியது. சொந்த நாட்டில் ஒருவன் தன் ஊர்ப் பெயராலேயே தன்னை அறிந்தான். கானோவிலும் லாகோசிலும் அயலார் அவனை இக்போ என்றழைத்தபோதே, தான் இக்போ என்பதை அவனும் உணர்ந்தான். ஊர்ச்சங்கங்கள் கூடிப் பெருஞ்சங்கமாயின. சங்கங்கள் பணந்திரட்டிப் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பின. யொரூபா மக்களிடையேயும் ஒடுடுவாவின் வழித்தோன்றல்கள் என்னும் பொருள்படப் பெயர்பூண்ட கழகமொன்று 1945இல் இலண்டனில் உருவாகியது. கோத்திரம் என நாம் எண்ணுவது இவ்வாறு பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. புகையிரதமும் பாடசாலையும் உத்தியோகப் போட்டியும் அதன் தாயும் செவிலியுமாகும்.

அரசியல் யாப்புக்கள் இவ்வேற்றுமைக்கு எல்லைக்கோடு இட்டன. 1946ஆம் ஆண்டின் யாப்பு வடக்கு, மேற்கு, கிழக்கு என மூன்று பிராந்தியங்களை ஏற்படுத்தியது. 1951ஆம் ஆண்டின் யாப்பு அவற்றுக்குச் சட்டசபைகளையும் மந்திரிமாரையும் தந்தது. 1954இல் நைஜீரியா முழுமையான சமஷ்டியாயிற்று. சமஷ்டி என்பது தன்னளவிற் குற்றமுடையதன்று. இச்சமஷ்டியின் குற்றம் அதன் அளவுப் பிரமாணத்தில் இருந்தது. வடக்குப் பிராந்தியம் பரப்பில் நாட்டின் முக்காற் பங்கு. சனத்தொகையிலும் பாதிக்கு மேல். மூவர் கூடி நடத்தும் குடித்தனத்தில் ஒருவன் ஏனை இருவருஞ் சேர்ந்தாலும் வெல்ல முடியாதவனாயின் அக்குடித்தனம் எங்ஙனம் நடைபெறும்? மேலும், ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒரு பேரினம். ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு கட்சி. வடக்கில் அகமது பெல்லோவின் வடக்கு மக்கள் காங்கிரசு. மேற்கில் அவொலோவோவின் செயற்குழுக் கட்சி. கிழக்கில் அசிக்கிவேயின் தேசிய மகாசபை. பிராந்திய அரசாங்கத்தைப் பிடித்தவன் கையிலே உத்தியோகம், புலமைப் பரிசில், கொக்கோவும் நிலக்கடலையும் கொள்வனவு செய்யும் சபைகளின் பணம் யாவும் இருந்தன. தோற்றவனுக்கு ஒன்றுமில்லை.

1950இல் இபாடான் நகரிற் கூடிய மாநாட்டிலே மத்திய சபையின் ஆசனங்களிற் பாதி தமக்கு வேண்டும், இன்றேல் 1914க்கு முன்னிருந்தபடி பிரிந்துவிடுவோம் என வடக்கு எமிர்களின் பிரதிநிதிகள் கூறினர், கேட்டதைப் பெற்றனர். 1953 மார்ச்சு மாதத்தில் மேற்கைச் சேர்ந்த அந்தோனி எனஹோரோ 1956இற் சுயாட்சி வேண்டுமெனப் பிரேரணை கொணர்ந்தார். வடக்கர் இசைந்திலர். அவரது அச்சம் நியாயமற்றதென்று கூறிவிட முடியாது: ஆங்கிலேயர் விட்டுச் செல்லும் கதிரைகளில் அமர வடக்கில் ஆளில்லை, தெற்கரே வந்து அமர்வர். லாகோஸ் வீதிகளில் மக்கள் அவரைக் கூவி இகழ்ந்தனர். மே மாதத்திற் கானோவின் சபன் கரியில் கலகம் மூண்டது. 36 பேர் இறந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. கலகத்தைத் தூண்டியது யொரூபாக் கட்சியின் சுற்றுப்பயணமாயினும் அடிபட்டோருட் பலர் இக்போ மக்கள் என்பதைக் குறித்துக்கொள்க. அடுத்த ஆண்டளவில் லாகோசைத் தம்மிடமிருந்து பிரித்த வெறுப்பில் மேற்கரும் யாப்பிற் பிரிந்துபோகும் உரிமை வேண்டுமென வாதாடினர். கிழக்கின் தலைவரே அதனை எதிர்த்தனர். எதிர்த்ததற்குக் காரணமும் உண்டு. நாடெங்கும் சிதறித் தொழில் செய்த மக்களுக்கு நாடு ஒன்றாயிருத்தலே வாழ்வு. அசிக்கிவே பிறந்த ஊர் வடக்கிலுள்ள சுங்கேரு. பின்னாளிற் பியாப்ராவின் தலைவரான ஒஜுக்குவு பிறந்ததும் அதே ஊரே.

சிறுபான்மையோரின் குறைகளை ஆராய 1957இல் வில்லிங்கு ஆணைக்குழு அமைந்தது. அவர் அச்சம் மெய்யானதே என அது ஏற்றது. ஆயினும் புதிய மாநிலங்கள் வேண்டாவென்றது. அடிப்படை உரிமைகள் சில யாப்பில் எழுதப்பட்டன. சுதந்திரத்துக்கு முன்பு வடக்கைப் பிரித்திருக்கக் கூடிய கடைசித் தருணம் அது, அதனைத் தவறவிட்டனர். 1960 ஒக்ரோபர் முதலாம் நாள் சுதந்திரம் வந்தபோது, பாராளுமன்றத்தின் 312 ஆசனங்களில் 174 வடக்கினுடையன.

சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றை விரிப்பிற் பெருகும். 1962இல் மேற்குச் சட்டசபையிற் கதிரைகள் பறந்தன. மத்திய அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தியது. அடுத்த ஆண்டில் எதிர்க்கட்சித் தலைவர் அவொலோவோ அரசுக்கு எதிராகச் சதி செய்தாரென 10 ஆண்டு மறியலுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு மேற்கிலிருந்து மத்திய மேற்குப் பிராந்தியம் பிரிக்கப்பட்டது. தனிப் பிராந்தியம் வேண்டிய வடக்குத் தீவ் மக்களுக்கோ 1964இல் இராணுவமே அனுப்பப்பட்டது. குடிசன மதிப்பும் போர்க்களமாயிற்று. ஆசனங்கள் தலைக்கணக்கைப் பொறுத்தனவாதலின் ஒவ்வொருவரும் தலைகளைப் பெருக்கினர். 1962ஆம் ஆண்டு மதிப்புத் தள்ளப்பட்டது. 1963ஆம் ஆண்டு மதிப்பின்படி நாட்டில் 5 கோடியே 56 இலட்சம் மக்கள். அவருள் 2 கோடியே 98 இலட்சம் பேர் வடக்கர். கிழக்குப் பிரதமர் ஒக்பாரா அதனை ஏற்க மறுத்தார். வாக்கினால் வடக்கின் ஆதிக்கத்தை மாற்ற ஒருபோதும் இயலாது என்பதைத் தெற்கர் அன்றுதான் முற்றாக உணர்ந்தனர் என்று கருதுகின்றேன். 1964ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலைக் கிழக்குப் பகிஷ்கரித்தது. 1965இல் மேற்கில் நடந்த தேர்தல் மோசடியால் வீடுகளும் மனிதரும் எரிந்தனர்.

1966 சனவரி 15ஆம் நாள் இளம் மேஜர்கள் சிலர் புரட்சி செய்தனர். பிரதம மந்திரி தபாவா பலேவா, வடக்கின் அகமது பெல்லோ, மேற்கின் அக்கிந்தோலா, நிதி மந்திரி ஒக்கோட்டி ஏபோ ஆகியோரும் மூத்த இராணுவ அதிகாரிகள் பலரும் கொல்லப்பட்டனர். ஊழலை ஒழித்தலே தம் நோக்கமென்றனர் மேஜர்கள். அதனைப் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. ஆனால், மேஜர்களிற் பெரும்பாலார் இக்போ இனத்தவர். கொலையுண்ட தலைவருள் ஒருவரேனும் இக்போ அல்லர். கிழக்கிலும் மத்திய மேற்கிலும் ஆண்ட இக்போப் பிரதமர் இருவரும் உயிர் தப்பினர். எனுகுவிற் புரட்சி நடவாமைக்கு அன்று ஆண்டு விருந்தினராய் இருந்த சைப்பிரசுத் தலைவர் மக்காரியோசின் வருகையும் ஒரு காரணமென்பர். காரணம் யாதாயினும், கணக்கைப் பார்த்த வடக்கன் தான் எண்ண விரும்பியதையே எண்ணினான். புரட்சியை அடக்கி ஆட்சியைக் கைக்கொண்ட மேஜர் ஜெனரல் இரோன்சியும் இக்போவே. அவர் மேஜர்களை மறியலில் வைத்தாரேயன்றி விசாரிக்கவில்லை.

இரோன்சி நல்லெண்ணமுடையவர், அரசியலறிவு அவருக்கு வாய்க்கவில்லை. மே 24ஆம் நாள் அவர் 34ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பிராந்தியங்களை ஒழித்து ஒற்றையாட்சியை நிறுவினார். அரசாங்க சேவை முழுதும் ஒன்றாயிற்று. பிராந்தியங்களே எல்லாத் தீமைக்கும் மூலம் என அவர் எண்ணியிருத்தல் கூடும். வடக்கனுக்கோ அது 1953இல் அவன் அஞ்சிய அச்சத்தின் நிறைவேற்றம். கானோவின் கந்தோருக்கும் இனி எனுகுவிலிருந்தே ஆள் வருவான். மே 29இற் கலகந் தொடங்கியது. யூலை 29இல் வடக்குப் படையினர் எழுந்தனர். இபாடானில் இரோன்சியும், அவரை விருந்தினராக ஏற்றிருந்த மேற்குத் தேசாதிபதி பஜூயியும் ஒருங்கே கொல்லப்பட்டனர். இக்போ அதிகாரிகள் பாளையங்களில் தேடிக் கொல்லப்பட்டனர். அக்கிளர்ச்சியாளரின் முதல் விருப்பமும் வடக்கைத் தனிநாடாக்குதலே. அதனைக் கைவிடச் செய்தோர் உயர் உத்தியோகத்தரும் பிரித்தானிய, அமெரிக்கத் தூதருமாவர். ஆட்சி லெப்டினன் கேணல் கோவன் கையிற் சென்றது. அவர் ஹௌசாவுமல்லர், முஸ்லிமுமல்லர். வடக்கின் நடுப்பகுதியைச் சேர்ந்த சிறுபான்மை இனத்துக் கிறித்துவர்.

செப்தெம்பரிலும் ஒக்ரோபரிலும் வடக்கு நகரங்களில் நிகழ்ந்தவை கலகமல்ல, கொலை. படையினரும் பொதுமக்களும் சபன் கரிகளிற் புகுந்தனர். புகையிரத நிலையங்களில் ஊர் திரும்பக் காத்து நின்றோரும் தப்பவில்லை. இறந்தோர் தொகை பல ஆயிரம். கிழக்கர் 30,000 என்றனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாய்க் கிழக்கை அடைந்தனர். நாடு ஒன்றாயிருத்தலே வாழ்வு எனக் கருதிய மக்கள், அந்நாட்டின் அரசாங்கம் தம் உயிரைக் காக்காது என்று கண்டது அப்போதே. முன்னர் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை பெரும்பாலும் அவ்விரண்டு மாதங்களில் அடங்கியுள்ளது. பெரும்பாலும் என்றேன், முழுவதும் அன்று.

எஞ்சியது எண்ணெயும் சிறுபான்மையோரும் பற்றியது. 1956இல் ஒலொய்பிரி என்ற இஜோ ஊரிற் கனிய எண்ணெய் காணப்பட்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. எண்ணெய் இருந்த நிலத்திற் பெரும்பகுதி இக்போ நிலமன்று; ஆற்றுக் கழிமுகத்தின் சிறுபான்மையோர் நிலம். இரோன்சி ஆட்சிக்கு வந்த அடுத்த மாதமே ஐசக்கு போரோ என்னும் இஜோ இளைஞர் கழிமுகத்தைத் தனிக் குடியரசாகப் பிரகடனஞ் செய்தார். பன்னிரண்டு நாளில் அடக்கப்பட்டார். கிழக்கு இலாகோசைக் கண்டு அஞ்சியவாறே, கழிமுகம் எனுகுவைக் கண்டு அஞ்சியது. பியாப்ராவின் நியாயத்தை எழுதுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். போரோ பின்னர் விடுதலை பெற்று மத்திய அரசின் படையிற் சேர்ந்து 1968இற் களத்தில் மடிந்தார்.

1967 சனவரி 4ஆம், 5ஆம் நாட்களிற் கானா நாட்டின் அபூரி என்னுமிடத்தில் இராணுவத் தலைவர்கள் கூடிப் பேசினர். பிராந்தியங்களுக்குப் பெரும் அதிகாரம் கொண்ட தளர்ந்த கூட்டாட்சிக்கு அங்கு இணக்கம் கண்டனர். ஒஜுக்குவு எழுத்து மூலம் ஆயத்தமாய்ச் சென்றவர். கோவன் நட்புரிமையோடு சென்றவர். லாகோசுக்கு மீண்டதும் நிரந்தரக் காரியதரிசிகள் ஒப்பந்தத்தின் பொருளைக் கோவனுக்கு விளக்கினர்; அவர் பின்வாங்கினார். மார்ச்சு மாதத்து 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இணங்கியவற்றிற் பெரும்பகுதியைத் தந்தது. ஆயின் ஏனைப் பிராந்தியங்கள் உடன்பட்டால் ஒரு பிராந்தியத்தில் அவசரகால ஆட்சி நடத்தும் அதிகாரத்தையும் தன்பால் வைத்துக்கொண்டது. அகதிகள் நிறைந்த கிழக்கு அதனை நம்புமா? ஒஜுக்குவு மத்திய வரிகளைத் தாமே அறவிடத் தொடங்கினார். மே 27இற் கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். பல்லாண்டுகளாகச் சிறுபான்மையோர் கேட்டதும் வில்லிங்கு மறுத்ததும் ஒரே இரவிற் கிட்டின. அதே பிரிவினை இக்போ மாநிலத்துக்குக் கடலும் துறைமுகமும் இல்லாது செய்தது. எண்ணெயிலும் பெரும்பங்கு கைநழுவியது. நீதியும் போர்த்தந்திரமும் ஒரே சட்டத்தில் அமைந்தமை வரலாற்றில் அரிதன்று. மே 30இற் பியாப்ரா பிறந்தது. யூலை 6இற் குண்டு முழங்கியது.

முப்பது மாதப் போரின் வரலாறு இக்கட்டுரைக்குப் புறம்பானது. முற்றுகையால் விளைந்த பஞ்சத்தில் இறந்தோர் தொகையை ஐந்து இலட்சம் முதல் முப்பது இலட்சம் வரை பலரும் பலவாறு கூறுவர். அவருட் குழந்தைகள் மிகப் பலர். போர் முடிந்தபின் வென்றாருமில்லை, தோற்றாருமில்லை எனக் கோவன் அறிவித்தார். பழிவாங்கும் கொலைகள் அஞ்சிய அளவில் நிகழவில்லை. அதற்குரிய புகழ் அவருக்கே. எனினும் வங்கியில் எத்துணைப் பணம் வைத்திருந்த இக்போவுக்கும் 20 பவுண் மாத்திரமே கொடுக்கப்பட்டது. போட் ஹார்கோட்டில் விட்டு வந்த வீடுகள் கைவிடப்பட்ட சொத்து எனப் பெயர் பெற்றன. பன்னிரண்டு மாநிலங்கள் 1976இற் பத்தொன்பதாகி 1996இல் முப்பத்தாறாயின. 2006ஆம் ஆண்டு குடிசன மதிப்பு எடுத்தபோது வீடுதோறுஞ் சென்ற கணக்கெடுப்போர் எவருடைய சமயத்தையும் வினவவில்லை, இனத்தையும் வினவவில்லை. அவ்விரு வினாக்களும் படிவத்திலிருந்தே நீக்கப்பட்டிருந்தன.